கிலோ, மீட்டர், லிட்டர்: பெற்றோர் கேள்விகளுக்குக் கணக்கு டீச்சர் பதில்

கேள்வி: டீச்சர், அலகு மாற்றும்போது எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது என்று மகன் தடுமாறுகிறான். ஐந்தாம் வகுப்பு.

பதில்: கணக்கைப் போடுவதற்கு முன்னால், விடை பெரிய எண்ணாக வருமா, சின்ன எண்ணாக வருமா என்று மட்டும் கேளுங்கள். இரண்டரை மீட்டர் துணியைச் சென்டிமீட்டரில் சொல்ல வேண்டும். சென்டிமீட்டர் சின்னது, அதனால் நிறைய வேண்டும், பெருக்கு: 250. தையல் டேப்பைக் கையில் கொடுத்து ஒருமுறை அளக்க விடுங்கள். பிறகு சூத்திரம் தேவைப்படாது.

கேள்வி: 3 கிலோ 50 கிராமை 3.50 என்று எழுதினாள் என் மகள். தப்பு போட்டுவிட்டார்கள். ஏன்?

பதில்: தப்புதான். 3.50 என்றால் 3 கிலோ 500 கிராம். ரூபாய் பைசா எழுதிப் பழகிய கை அது. 3 ரூபாய் 50 பைசா 3.50 தானே! ரூபாய்க்கு 100 பைசா, அதனால் புள்ளிக்குப் பின் இரண்டு இடம். கிலோவுக்கு 1000 கிராம், அதனால் மூன்று இடம்: 3.050. மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசைக் கவனிக்கச் சொல்லுங்கள். அரை கிலோ பருப்புக்கு 0.500 என்று காட்டும், 50 கிராம் மிளகுக்கு 0.050. இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கேள்வி: ஒரு மீட்டர் 100 செ.மீ என்றால் ஒரு சதுர மீட்டர் 100 சதுர செ.மீ தானே மேடம்?

பதில்: இல்லை, 10,000. நீளத்தில் 100, அகலத்தில் 100. பெரியவர்களே சறுக்கும் இடம் இது. கன மீட்டருக்குப் போனால் உயரத்துக்கும் ஒரு 100 சேரும்: பத்து லட்சம் கன செ.மீ. ஆயிரம் கன செ.மீ ஒரு லிட்டர். ஆக, ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள தொட்டி ஆயிரம் லிட்டர் பிடிக்கும். ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 1 மி.மீ மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுப் பாருங்கள். சரியாக ஒரு லிட்டர்! வானிலைச் செய்தி அப்புறம் வேறு மாதிரி காதில் விழும்.

கேள்வி: ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோவா?

பதில்: தண்ணீருக்கு ஏறக்குறைய அப்படித்தான். எண்ணெய்க்கு இல்லை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 910 கிராம் என்று போட்டிருக்கும். பால் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும்.

கேள்வி: டெகா (10 மடங்கு), ஹெக்டோ (100 மடங்கு), டெசி (பத்தில் ஒரு பங்கு) எல்லாம் யாருக்கு வேண்டும்? மனப்பாடம் செய்தே ஆகவேண்டுமா?

பதில்: தேர்வுக்கு வேண்டும். வெளியே ஹெக்டேர் இருக்கிறது, தாத்தாவின் சர்க்கரைப் பரிசோதனைத் தாளில் டெசிலிட்டர் இருக்கிறது. டெகாவை நானும் கடைத்தெருவில் பார்த்ததில்லை.

கேள்வி: மணிக்கு 40 கி.மீ வேகத்தில் 1 மணி 30 நிமிடம் போன பேருந்து எவ்வளவு தூரம் போகும்? 1.30 × 40 போட்டு 52 என்கிறான்.

பதில்: 60 கி.மீ. நேரம் மட்டும் பத்தின் கணக்குக்குள் வராது. 30 நிமிடம் 0.5 மணி. 1.5 × 40 போடச் சொல்லுங்கள்.