படகு ட்ரெய்லர் பலகை: கார்பெட் அப்புறம், முதலில் மரம்

கேள்வி: ஒன்டாரியோவில் இருக்கிறேன். 16 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பழைய ட்ரெய்லரோடு சேர்த்து வாங்கினேன். படகு உட்காரும் இரண்டு பலகைகளிலும் (பங்க் என்கிறார்களே, அதுதான்) கார்பெட் கிழிந்து தொங்குகிறது. சிம்கோ ஏரியில் இறக்கப் போனால் படகு அசையவே மாட்டேன் என்கிறது. அழுகாது என்று பிரஷர் ட்ரீட்டட் மரம் (அழுத்தத்தில் மருந்து ஏற்றியது) வாங்கி நானே மாற்றலாமா? கையைக் கடிக்காமல் வேறு என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக நீங்களே மாற்றலாம், பிரஷர் ட்ரீட்டட் மரம் மட்டும் வேண்டாம். வட அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு ஆர்சனிக் கலந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பதிலாக வந்த மருந்துகளில் செம்பு அதிகம். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரிபடுவது அலுமினியம்தான். நடுவில் கார்பெட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது ஒருமுறை நனைந்தால் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பத்து வருடம் கழித்துப் பலகை புதுசு போல இருக்கும், படகின் அடித்தகடு குழி குழியாக இருக்கும். ஃபைபர்கிளாஸ் படகென்றால் அந்த மரத்தைப் போட்டுக்கொள்ளலாம், அப்போதும் போல்ட்டெல்லாம் கால்வனைஸ்டாகவோ ஸ்டெயின்லெஸ்ஸாகவோ இருக்க வேண்டும்.

உங்களுக்கு மருந்து ஏற்றாத டக்ளஸ் ஃபிர் நல்லது, கிடைக்காவிட்டால் சாதாரண ஸ்ப்ரூஸ் போதும். டூ-பை-ஃபோர் என்று பேர்தான், அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். வெட்டி, துளை எல்லாம் போட்டு முடித்த பிறகு எபாக்ஸியோ வெளிப்புறப் பெயின்டோ இரண்டு மூன்று கோட் அடியுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது முக்கியமாக வெட்டிய முனைகளிலும் துளைகளிலும்தான், அங்கே கஞ்சத்தனம் கூடாது. பழைய பலகையின் நீளத்தை அப்படியே நகலெடுக்க வேண்டாம், அது சரியான நீளமா என்று முதலில் பாருங்கள். படகின் பின்சுவர் வரை பலகை வர வேண்டும், ஏனென்றால் மோட்டாரின் எடை முழுக்க அங்கேதான் தொங்குகிறது. குட்டைப் பலகையில் வருடக்கணக்கில் உட்கார்ந்த படகின் அடி வளைந்துவிடும், பிறகு தண்ணீரில் ஓட்டமே சரியாக இருக்காது.

மாட்டும்போது மேலிருந்து போல்ட் போடாமல், அடியில் இருக்கும் பிராக்கெட் வழியாக லேக் ஸ்க்ரூ (மரத்தில் முறுக்கி ஏற்றும் தடித்த ஸ்க்ரூ) ஏற்றுங்கள். பலகை ஒன்றரை அங்குலம்தான், அளவு தப்பினால் கூர்முனை மேலே எட்டிப் பார்த்து படகைக் கீறும்.

இனி வழுக்கும் விஷயம். என் ஓட்டு கார்பெட்டுக்கு இல்லை, பிளாஸ்டிக்குக்கு. கடையில் இதற்கென்றே பட்டைகள் விற்கிறார்கள், ஆனால் சமையலறையில் காய் வெட்டும் அந்த வெள்ளை பாலிஎத்திலீன் கட்டிங் போர்டும் கிட்டத்தட்ட அதே சரக்குதான். அரை அங்குலக் கனத்தில் வாங்கி, பலகை அகலத்துக்குப் பட்டையாக அறுத்து, ஸ்க்ரூ தலை நன்றாகக் கீழே புதையும்படி குழி எடுத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால் முடுக்குங்கள். வெயிலில் பிளாஸ்டிக் நீளும், துண்டுகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். கார்பெட்தான் வேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிளைப் பக்கவாட்டிலும் அடியிலும் மட்டும் அடித்து, அடிப்பகுதியின் நடுவை மூடாமல் விடுங்கள், தண்ணீர் வடியட்டும். இருக்கிற கார்பெட்டையே இந்த சீசன் ஓட்ட நினைத்தால் சிலிக்கான் ஸ்ப்ரே ஒரு டப்பா போதும். கிரீஸ் தடவாதீர்கள், அது ஏரிக்குத்தான் போகும்.

ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் போட்ட பிறகு படகு நீங்கள் நினைப்பதைவிட வேகமாக வழுக்கும். நான் முதல் தடவை பழைய பழக்கத்தில் படகு இறக்கும் சாய்தளத்தின் மேலேயே, படகை ட்ரெய்லரோடு பிடித்து வைக்கும் வின்ச் கொக்கியைக் கழற்றிவிட்டேன், படகு பாதி தூரம் கான்கிரீட்டில் போய் உட்கார்ந்தது, சுற்றி இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. பின்பக்கம் தண்ணீரில் மிதக்கும்வரை கொக்கியைத் தொடாதீர்கள்.

கார்பெட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் படகை ரோட்டில் ஏற்றும் முன் படகிலும் ட்ரெய்லரிலும் ஒட்டிய செடி, மட்டி, பாசியெல்லாம் எடுத்து, தண்ணீரையும் வடித்துவிட வேண்டும், இது சட்டம். சிம்கோவில் ஸீப்ரா மட்டி இருக்கிறது, படகில் ஒட்டிக்கொண்டு ஏரிக்கு ஏரி பரவும் சின்ன மட்டி அது. பிளாஸ்டிக்கைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது, ஊறிய கார்பெட்டை எப்படித் துடைப்பீர்கள்?

இதற்காகப் படகை ஜாக்கியில் தூக்கி அடியில் படுக்காதீர்கள். படகைத் தண்ணீரில் இறக்கி யாராவது தெரிந்தவர் துறையில் கட்டிவிட்டு, காலி ட்ரெய்லரில் வேலை செய்யுங்கள், ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பலகையைச் சுண்டக் கட்டாமல் லேசாக மாட்டி, படகு ஏறி உட்கார்ந்து பிராக்கெட்டுகள் அதன் சாய்வுக்குத் திரும்பிய பிறகு இறுக்குங்கள். முதல் பயணம் முடிந்ததும் ஸ்பேனரோடு இன்னொரு சுற்று வாருங்கள், புது மரம் காய்ந்து சுருங்கும்போது ஸ்க்ரூ தளரும்.