கோதுமையை நிறுத்தும் முன்பே டாக்டரைப் பாருங்கள்

மஞ்சக்குப்பம் வாசகி: மூன்று வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. உப்புசம், அடிக்கடி பேதி. சீலியாக் நோயாக இருக்குமா? யாரிடம் போவது?

மாத்திரைக்கும் அசையாத இரத்தசோகை என்றால் சந்தேகிக்கத்தான் வேண்டும். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடுவதுதான் சீலியாக் நோய். மெடிக்கல் கேஸ்ட்ரோ (வயிறு, குடல் நோய்) டாக்டரைப் பாருங்கள். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் அதற்குத் தனித் துறை இருக்கிறது. 2016-இல் வெளியான ஆய்வில் இந்த நோய் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும்தான் இருந்தது. அதனால் நம் பக்கத்து டாக்டருக்கு உடனே இது நினைவுக்கு வராமல் போகலாம். நீங்களே பேச்சை எடுங்கள், தப்பில்லை.

"இப்போது கோதுமை சாப்பிடுகிறீர்களா?" என்று முதலில் கேட்பவர் விஷயம் தெரிந்தவர். கோதுமையை விட்டிருந்தால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். இந்த நோயில் ஏறும் எதிர்ப்பொருளை அளக்கும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. இரத்தப் பரிசோதனையோடு மொத்த ஐ.ஜி.ஏ.வையும் சேர்த்து எழுதுகிறாரா என்று பாருங்கள். ஐ.ஜி.ஏ. என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. சிலருக்கு உடம்பில் ஐ.ஜி.ஏ.வே குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தாலும் டி.டி.ஜி. நார்மல் என்றே வரும், ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

லாஸ்பேட்டை வாசகர்: கோதுமையை விட்டு நாலு மாசம். உடம்பு தேவலை. இப்போது எடுத்த டி.டி.ஜி. நார்மல். அப்படியென்றால் நோய் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. குளூட்டன் உள்ளே போகாவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கும், குடலும் ஆறிவரும். டாக்டர் சம்மதித்தால், தினமும் ஒரு வேளைக்கு மேல் சப்பாத்தியோ பிரெட்டோ சாப்பிட்டு, குறைந்தது 6 வாரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுங்கள். அது தாங்காது என்றால் டி.கியூ.2, டி.கியூ.8 மரபணுப் பரிசோதனை இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இருந்தால் மட்டும் நோய் உறுதியாகிவிடாது. நோயில்லாத பலருக்கும் அவை உண்டு.

நெல்லிக்குப்பம் வாசகர்: எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை என்றார்கள். சதைத் துண்டு எடுக்கவில்லை.

அது போதாது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் குடலிலும் நோய் இருக்கும், அதுவும் திட்டுத்திட்டாக. முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் குறைந்தது 4 துண்டு, ஆரம்பப் பகுதியில் 1 அல்லது 2 எடுக்க வேண்டும். இன்னொன்று: நம் ஊரில் டிராபிகல் ஸ்ப்ரூ என்ற நோயும் குடலை இதேபோல் தேய்க்கும். அதற்கு மருந்து டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும். அதனால் பயாப்ஸியை (சதைத் துண்டுப் பரிசோதனையை) மட்டும் வைத்து முடிவு கட்டாமல், டி.டி.ஜி.யோடு சேர்த்துப் பார்க்கும் டாக்டர்தான் வேண்டும்.

அதே வாசகர்: நோய் உறுதியானால் பிள்ளைகளுக்கும் பார்க்கணுமா?

ஆமாம். அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கும்தான், தொந்தரவு இல்லாவிட்டாலும்.

வில்லியனூர் வாசகி: நோய் உறுதியாகி எட்டு மாசமாகக் கோதுமையே தொடவில்லை. டி.டி.ஜி. இறங்க மாட்டேன் என்கிறது.

முழுதாக நார்மலாக ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், ஆனால் இறங்கிக்கொண்டாவது இருக்க வேண்டும். சமையலறையில் தேடுங்கள். முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்: கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். தினம் சாம்பாரிலும் ரசத்திலும் போடுவது அது! அரிசி மாவு சேர்த்தது கிடைக்கும், அதை வாங்குங்கள். அடுத்தது மாவு மில். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன மெஷினில் உங்கள் கேழ்வரகைக் கொட்டினால், அந்த மாவும் சேர்ந்தே பையில் விழும். குளூட்டன் இல்லை என்று லேபிள் போட நம் நாட்டில் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகைக் கோதுமை மாவே அதைத் தாண்டிவிடும். வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் ரவா தோசை, சப்பாத்தி போடும் கல்லிலேயே உங்கள் தோசையும் வார்ப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்லி மால்ட் சேர்ந்த சத்துப் பானங்களும் ஆகாது.