சத்தம் ஹூட்டிலா, குழாயிலா? குசினிக் கேள்விகளுக்குப் பதில்கள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடும். வீட்டுக்குச் சாயம் அடிப்பது, குசினியை உடைத்துக் கட்டுவது, அப்படியே புது ஹூட். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் இதைச் சிம்னி என்கிறார்கள். பெயர் எதுவானாலும் புகார் ஒன்றுதான்: புகை போகவில்லை, சத்தம்தான் வருகிறது. இந்த முறை வந்தவற்றில் சில.

செந்தூலில் கொண்டோவில் இருக்கிறோம். போன வருஷம் 1,800 வெள்ளிக்கு ஹூட் வாங்கினோம். மூன்றாவது வேகத்தில் வைத்தால் விமானம் கிளம்புகிற மாதிரி இரைகிறது. கடையில் கேட்டபோது பூனை மாதிரி இருந்தது. ஏமாற்றிவிட்டார்களா, ஐயா?

கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள் அம்மா. கடையில் தொங்கிய ஹூட்டுக்குக் குழாயே கிடையாது. இழுத்த காற்றை அப்படியே கூரைப் பக்கம் விட்டுக்கொண்டு சும்மா சுற்றியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹூட்டின் தலையில் ஆறு அங்குல வாய். அதன் மேல் ஒரு குறுக்கியை மாட்டி, நாலங்குலக் குழாயில் சேர்த்திருக்கிறார்கள். சுவரில் ஏற்கெனவே நாலங்குல ஓட்டை இருந்திருக்கும், புதிதாகத் துளைக்கச் சோம்பல். கணக்கைப் பாருங்கள்: ஆறாறு முப்பத்தாறு, நாலு நாலு பதினாறு. குழாயின் பரப்பு அந்த விகிதத்தில்தான் குறைகிறது. அதே அளவு காற்று வெளியே போக வேண்டுமானால் இரண்டேகால் மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். காற்று வேகமாக ஓடினால் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு ஏறும். இவ்வளவு சத்தம் போட்டும் காற்று முழுதாகப் போய்ச் சேராது. மோட்டார் திணறும், பாதிப் புகை குசினியிலேயே நிற்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாய் போட்டிருக்கிறார்கள். அலமாரிக்கு மேல் பிஸ்கட் டின் வைக்க இடம் வேண்டுமென்று யாரோ அதை அமுக்கியும் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் காற்று இடறும், நசுங்கிய இடத்தில் விசிலடிக்கும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. அடுப்பை அணைத்துவிட்டு, ஹூட்டின் தலையிலிருந்து குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் அதே மூன்றாவது வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். சத்தம் சட்டென்று இறங்கினால் குற்றவாளி குழாய். இறங்கவில்லையென்றால் உள்ளே விசிறியிலோ பேரிங்கிலோ கோளாறு, கடைக்காரரைக் கூப்பிடலாம்.

குழாய்தான் என்றால் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி ஓட்டையை ஆறங்குலமாக்குங்கள். உள்பக்கம் வழுவழுப்பான தகரக் குழாய், முடிந்தவரை நேராக. திருப்பம் தவிர்க்க முடியாவிட்டால் 90 பாகையில் ஒரே ஒடிப்பாக ஒடிக்காமல், 45 பாகையில் இரண்டாக வளைக்கச் சொல்லுங்கள். வெளிச்சுவரில் காற்று திரும்பி வராமல் தடுக்கும் மூடி ஒன்று இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். கெப்போங்கில் ஒரு வீட்டில் அதற்குப் பின்னால் மைனா கூடு கட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் ஆறு மாதமாக மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பாயான் லெப்பாஸில் புது வீடு. ஒரு ஹூட்டில் 52 டெசிபல், இன்னொன்றில் 65 என்று போட்டிருக்கிறது. 52 உள்ளதை வாங்கினால் சரிதானே அண்ணே?

அவசரப்படாதீர்கள் தம்பி. முதல் கேள்வி, எந்த வேகத்தில் அளந்த 52? ஆகக் குறைந்த வேகத்தில் அளந்ததைப் பெரிதாக அச்சடித்துவிட்டு, உச்ச வேகத்து எண்ணைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளிப்பது வழக்கமான வித்தை.

இரண்டாவது, எதை அளந்தார்கள்? இயந்திரம் மொத்தமாக வெளிவிடும் ஒலியாற்றல் ஒரு கணக்கு. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் விழுவது வேறு கணக்கு. ஒரே ஹூட்டுக்கு முதல் எண் இரண்டாவதைவிட 8 முதல் 11 டெசிபல் வரை கூடுதலாக வரும். ஐரோப்பிய முத்திரையோடு வரும் ஹூட்டில் ஒலியாற்றலைத்தான் போடுவார்கள், எண் பெரிதாகத் தெரியும். இன்னொருவர் ஒரு மீட்டர் தள்ளி அளந்து சின்ன எண்ணைப் போட்டிருக்கலாம். பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகத் தோன்றும், அதனால் இந்தக் குழப்பம் சின்ன விஷயமில்லை. கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் எண்ணை மறந்துவிட்டுக் காதை நம்புங்கள். இரண்டாவது வேகத்தில் ஓடவிட்டு, அதன் கீழே நின்று வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் நல்ல ஹூட். தாழ்ந்த ‘ஊ’ சத்தம் பழகிவிடும், ‘கீ’ என்ற சத்தம் ஒரு நாளும் பழகாது.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று: தேவைக்குக் கொஞ்சம் பெரிதாக வாங்கி, மெதுவாக ஓட்டுங்கள். விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், சத்தமோ சுமார் 5 டெசிபல் இறங்கும். சின்ன ஹூட்டை உயிர் போக விரட்டுவதில் லாபமே இல்லை.

மணிக்கு 1,800 கன மீட்டர் இழுக்கும் என்கிறார்கள். அவ்வளவு தேவையா?

பெட்டியில் போடும் எண் பெரும்பாலும் குழாய் மாட்டாமல் ஓட்டியபோது கிடைத்தது. உங்கள் வீட்டில் அவ்வளவு வராது. அடுப்பு முழுவதையும் மூடும் அகலமும், ஆறங்குல நேர்க்குழாயும் இருந்தால் 1,000 சொச்சமே நம் தாளிப்புக்குப் போதும்.

செத்தாப்பாக்கில் வாடகைக் கொண்டோ. சுவரில் துளை போட நிர்வாகம் விடாது. கரி வடிகட்டி வைத்து, காற்றை உள்ளேயே திருப்பிவிடும் ஹூட் வாங்கலாமா?

வேறு வழியே இல்லையென்றால் மட்டும். அந்த வகை எண்ணெய்த் துளியைப் பிடிக்கும், வாடையில் கொஞ்சத்தைக் கரி உறிஞ்சும். சூடும் ஈரமும் அப்படியே உங்கள் முகத்துக்குத் திரும்பி வரும். கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது. அடுப்பில் சோறே வைக்காவிட்டாலும் குசினி புழுங்குவது இதனால்தான். கேஸ் எரியும்போது எழும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் இந்தக் கரி நம்பும்படி பிடிக்காது. கரி ஒன்றும் சாசுவதமில்லை, நம் சமையலுக்கு மூன்று நான்கு மாதத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அதற்கு முன் துணி காயப்போடும் யார்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிறையக் கொண்டோக்களில் குசினிக்கு ஒட்டியே இருக்கும். நிர்வாகம் தடுப்பது கட்டடத்தின் முகப்பை. யார்ட் பக்கம் உள்சுவர், அல்லது அந்தச் சன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டுப் பலகை அடைத்துக் குழாயை விடுவது என்றால் சம்மதிக்கலாம். வீட்டுக்காரரிடமும் நிர்வாகத்திடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ். 90 சென்டிமீட்டர் ஹூட், புதுசு, குழாயும் சரி. ஆனால் மிளகாய் வறுத்தாலோ பெலாச்சான் வதக்கினாலோ ஹாலில் இருப்பவர்கள்கூட இருமுகிறார்கள். என்ன தப்பு?

ஒரு கேள்வி: சமைக்கும்போது காத்தாடி சுற்றுகிறதா?

சுற்றும். நம் வீடுகளில் சுற்றாமல் இருக்குமா? என் வீட்டிலும் இதே கதைதான். ஹூட் மாட்டிய முதல் வாரம் அம்மா சம்பால் வதக்கினார், மாடியில் பேரப்பிள்ளைகள் தும்மினார்கள். “உன் மிஷினு சும்மா விளக்கு போட்டுக்கிட்டு நிக்குது” என்றார். காத்தாடியை நிறுத்தினேன், புகை ஒழுங்காக மேலே போனது. ஹூட் புகையைத் தேடிப் போய்ப் பிடிப்பதில்லை. சூட்டில் தானாக எழும் புகை அதன் வாய்க்குள் வர வேண்டும், வந்த பிறகுதான் இழுக்கும். குறுக்கே ஒரு காற்று அடித்தால் அவ்வளவுதான். அடுப்புக்குப் பக்கத்துச் சன்னலைத் திறந்து வைப்பதும் இதே தப்பு.

அதற்காக எல்லாவற்றையும் சாத்தவும் கூடாது. ஏர்கோன் போட்ட ஹாலுக்குப் பயந்து கதவு சன்னல் எல்லாம் அடைத்துவிட்டால் ஹூட் இழுக்கக் காற்று வேண்டுமே? தூரத்துச் சன்னல் ஒன்றை ஒரு சாண் திறந்து விடுங்கள்.

உயரத்தையும் அளந்து பாருங்கள். கேஸ் அடுப்புக்கு மேல் பெரும்பாலும் 65 முதல் 75 சென்டிமீட்டருக்குள் சொல்வார்கள். உங்கள் மாடலின் கையேடுதான் இறுதி. தலை இடிக்கிறது என்று 90க்கு ஏற்றி மாட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அங்கே ஹூட் அலங்காரம்தான். மிளகாய் வறுப்பதைப் பின் அடுப்புக்கு மாற்றுங்கள், முன் அடுப்பின் புகைதான் அதிகம் தப்பிக்கும். சட்டி காயும் முன்பே ஹூட்டைப் போடுங்கள், சமைத்து முடித்தும் பத்து நிமிடம் ஓடட்டும்.

எங்கே கோட்டை விடுகிறது என்று தெரிய ஊதுவத்தி போதும். அடுப்பை அணைத்துவிட்டு ஹூட்டைப் போட்டு, கொளுத்திய வத்தியை ஒவ்வொரு அடுப்பின் விளிம்பிலும் பிடித்துப் பாருங்கள். புகை ஹூட்டுக்குள் போகாமல் எங்கே வேறு பக்கம் சாய்கிறதோ அங்கேதான் பிரச்சினை.

சிராஸில் தரைவீடு. பின்னால் வெட் கிச்சன், சுவரில் பத்து அங்குல விசிறி இருக்கிறது. ஹூட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டுமா என்று மாமியார் கேட்கிறார்.

மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எதிர்ப்பில்லாத இடத்தில் சுவர் விசிறி நிறையக் காற்றைத் தள்ளும், விலையும் குறைவு. பின்பக்கம் பாதி திறந்த வெட் கிச்சனுக்கு அதுவே போதுமென்று பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது அறைக் காற்றை மாற்றும் விசிறி. புகை சமைப்பவர் மூக்கைத் தாண்டித்தான் அதனிடம் போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட தொகுப்பில், மிகுந்த சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பிரிவில் வைத்திருக்கிறது. வாரம் ஒரு முறை மீன் பொரிப்பவர் விசிறியோடு இருக்கட்டும். தினமும் பொரிப்பவர், கேட்டரிங் ஆர்டர் எடுப்பவர் ஹூட்டும் மாட்ட வேண்டும். எப்படியும் அந்த விசிறியைக் குழாயோடு சேர்த்து ஹூட் மாதிரி ஆக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீளக் குழாயின் எதிர்ப்பைத் தாங்கித் தள்ளும் சக்தி அதற்குக் கிடையாது.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு. முன்சுவரில் துளை போடலாமா?

2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாரம்பரிய வட்டாரத்துக்குள் இருந்தால் மாநகர் மன்றத்தைக் கேட்காமல் சுவரில் கை வைக்காதீர்கள். பழைய கடைவீட்டில் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்குமே, அடுப்பை அதற்கு அருகே கொண்டுபோக முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

சென்னையிலிருந்து மச்சான் சிம்னி கொண்டுவருகிறேன் என்கிறார். விலை பாதிதானாம்.

மின்சாரம் ஒத்துப்போகும், பிளக்கை மாற்ற வேண்டியிருக்கும். உத்தரவாதத்துக்கு யாரைப் பிடிப்பீர்கள்? மச்சானை முறுக்கு மாவு கொண்டுவரச் சொல்லுங்கள்.

வடிகட்டியை எப்படிக் கழுவுவது? காஸ்டிக் சோடா போட்டேன், கறுத்துவிட்டது.

அலுமினிய வலையாக இருந்திருக்கும், காஸ்டிக் அதை அரித்துவிடும். புதிது வாங்கிவிடுங்கள். இனி பாத்திரம் கழுவும் சோப்பும் கைபொறுக்கும் வெந்நீரும் போதும். அரை மணி ஊறவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்தால் தேய்க்கவே வேண்டியிருக்காது. கீழே எண்ணெய் சொட்டும் சின்னக் கிண்ணத்தை மறந்துவிடாதீர்கள். அது நிரம்பி வழிந்து சாம்பாரில் சொட்டிய வீடும் எனக்குத் தெரியும்.