மாதா படமும் மூலை முத்திரையும்

கேள்வி: தாத்தா மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடு வாங்கிய ஒரு தாள் எங்களிடம் இருக்கிறது. பழுப்பு மையில் குழந்தையேசுவோடு மாதா. கீழே ‘குவெர்ச்சீனோ’ என்று எழுதியிருக்கிறது, மூலையில் ‘பி.எல்.’ என்று பொடி முத்திரை. அசல்தானா?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: குவெர்ச்சீனோ பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர். ஆனால் கீழே எழுதிய பெயரை நம்பாதீர்கள் அம்மா. அந்தக் காலத்து ஓவியர்கள் இப்படிப்பட்ட கைச்சித்திரங்களில் கையெழுத்துப் போடுவது அபூர்வம். பின்னால் வாங்கினவரோ விற்றவரோ எழுதுவதுதான் வழக்கம். விற்றவர் எழுதினால் பெரிய பெயராகத்தானே எழுதுவார்! மண்ணடியில் பிரேம் கடை வைத்திருக்கும் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

முத்திரைதான் விஷயம். லண்டன் அரசவை ஓவியர் பீட்டர் லேலி 1680-ல் இறந்தார். கடனை அடைக்க அவர் சேகரித்த சித்திரங்களை ஏலம் விட்டார்கள். அதற்கு முன் தாள்களில் ‘பி.எல்.’ முத்திரை குத்தவைத்தவர் ராஜர் நார்த் என்ற வக்கீல். இப்படிப்பட்ட முத்திரைகளை ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921-ல் தொகுத்தார். இன்று இணையத்திலேயே இலவசமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று நெருடுகிறது. குவெர்ச்சீனோ 1666-ல் இறந்தபோது கட்டுக்கட்டான சித்திரங்கள் சகோதரி பிள்ளைகளான ஜென்னாரி சகோதரர்களுக்குப் போயின. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துத்தான், மூன்றாம் ஜார்ஜ் ராஜாவுக்காக ரிச்சர்ட் டால்டன் அந்தக் குடும்பத்திடமிருந்து ஏராளமாக வாங்கினார். அவை இன்று விண்ட்சர் கோட்டையில் இருக்கின்றன. லேலி கைக்கு ஒன்றிரண்டு முன்பே போயிருக்கலாம், மறுக்கவில்லை.

1764-ல் லண்டன் வந்த இத்தாலிய அச்சுக் கலைஞர் பர்த்தலோஸி, குவெர்ச்சீனோ சித்திரங்களைச் செப்புத்தகட்டில் பேனாக் கோடு மாதிரியே கீறி அச்சுப் போட்டார். கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். அதனால் தாளை வெளியே எடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் தெரிந்தால் அது அச்சு. அது பர்த்தலோஸி போட்ட அச்சென்றால், மூலையில் இருப்பது லேலி முத்திரையே இல்லை. அவர் போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். உங்கள் தாத்தாவுக்கு முன் வைத்திருந்த யாரோ ஒரு பி. லாரன்ஸாக இருக்கலாம்!

ஓரத்தை வெட்டியிருந்தால் பள்ளம் தெரியாது. அப்போது லென்ஸ் வேண்டும். பேனா மை தாளுக்குள் ஊறி, கோடு முடியும் இடத்தில் திட்டாகத் தேங்கும், சில இடத்தில் பின்பக்கம் வரை தாளை அரித்திருக்கும். அச்சு மை தாளின் மேலேயே லேசாகத் தூக்கி நிற்கும்.

அப்புறம் பின்பக்கம். பழைய எண்கள், விலை, ஒட்டுக் காகிதம் எதையும் கிழிக்காதீர்கள். 1985-ல் மூர் மார்க்கெட்டே எரிந்துபோனதால் கடையைத் தேடிப் போக வழியில்லை. தாத்தாவின் டைரியில் தேடுங்கள். லேமினேஷன், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். முத்திரைக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.