கால்பந்து எக்ஸ்சேஞ்ச் டிரேடிங்: ஆட்டத்தை எப்படி ஆராய்வது, எவ்வளவு பணம் வைப்பது?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரில் இருக்கிறேன். இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றைக்கூட விடமாட்டேன். பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் ‘டிரேடிங்’ செய்து மாதச் சம்பளம் மாதிரி எடுக்கலாம் என்று ஒரு டெலிகிராம் குழுவில் சொல்கிறார்கள். ஆட்டங்களை எப்படி ஆராய வேண்டும்? கைமுதலை எப்படிப் பிரித்து வைக்க வேண்டும்?

தம்பி, எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். 2014 முதல் 2021 வரை லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்தேன். அதில் நான்கு வருடம், சனி ஞாயிறு என்றால் இதுதான் வேலை. அங்கே 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி உரிமம் வாங்கி, ஒரு ஆணையத்தின் கண்காணிப்பில் நடக்கிற தொழில் இது. எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இதைப் பணம் வைத்துச் செய்யாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராக 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்கிறது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்குப் பணம் அனுப்பிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அதற்கும் வழியில்லை. 2000ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளிலேயே லாட்டரிச் சீட்டோடு சேர்த்து ‘ஃபுட்பால் பூல்ஸ்’ என்று பெயர் சொல்லியே தடுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நம் ஊரில் பந்தயத் தளத்துக்குள் நுழைய ‘ஐடி’ வாங்கித் தருகிறேன் என்று வருகிறார்களே, அது என்ன? திரையில் எக்ஸ்சேஞ்ச் மாதிரியே நீலமும் ரோஸும் கட்டங்கள் தெரியும். எதிரே பந்தயம் வைக்கும் இன்னொருவர் உண்மையில் இருக்கிறாரா என்று உங்களால் பார்க்க முடியாது. ஏஜெண்ட் தருகிற யாரோ ஒருவரின் கணக்குக்கு யுபிஐ போட வேண்டும். ஜெயித்தால் பணம் வருவது அவர் மனதைப் பொறுத்தது. எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு இப்படி வந்த பணம் ஏதோ மோசடி வழக்கில் தொடர்புடைய கணக்கிலிருந்து வந்திருந்தது. அவனுடைய வங்கிக் கணக்கையே முடக்கிவிட்டார்கள். இறால் விற்ற காசும் அதற்குள் மாட்டிக்கொண்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உண்மையான எக்ஸ்சேஞ்ச் என்பது மீன் ஏலக் கூடம் மாதிரி. நிறுவனம் எதையும் வாங்காது, விற்காது. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவிட்டு, ஜெயித்தவரின் லாபத்தில் கமிஷன் எடுக்கும், பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம். 2000ஆம் ஆண்டு பெட்ஃபேர் இந்த முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. ‘இது நடக்கும்’ என்று பணம் வைப்பது பேக். ‘இது நடக்காது’ என்று எதிர்த்து நிற்பது லே. டிரேடிங் என்றால், ஒரு விலையில் பேக் செய்து, விலை மாறியபின் லே செய்து, முடிவு எதுவானாலும் ஒரே தொகை கையில் நிற்கும்படி செய்வது.

கணக்கு போட்டுப் பாருங்கள். டிராவை 3.50 விலையில், அதாவது ஜெயித்தால் வைத்த 1 பவுண்டும் சேர்த்து 3.50 திரும்பி வரும் விலையில், 20 பவுண்டுக்கு பேக் செய்கிறேன். விலை 3.20க்கு இறங்கியதும் 21.87 பவுண்டுக்கு லே செய்கிறேன். டிரா ஆனாலும் ஆகாவிட்டாலும் சுமார் 1.87 பவுண்டு லாபம். 5 சதவீதக் கமிஷன் போனால் 1.78. மாதச் சம்பளம் என்று சொல்கிறார்களே, இந்த 1.78ஐத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதுவும் விலை என் பக்கம் நகர்ந்தால்.

ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்டது எந்த அணி ஜெயிக்கும் என்பதைப் பற்றி என்றால், அங்கேயே பாதை மாறிவிடும். மான்செஸ்டர் சிட்டி பலமான அணி என்பது எல்லோருக்கும் தெரியும், விலைக்கும் தெரியும். நான் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: விலை சொல்கிற வாய்ப்புக்கும் உண்மையான வாய்ப்புக்கும் இடைவெளி இருக்கிறதா? 2.00 என்ற விலை 50 சதவீதம் என்கிறது. 52 என்று நான் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும்.

நான் செய்தது இதுதான். இரண்டு அணிகளுக்கும் எதிர்பார்க்கும் கோல்களை எழுதுவேன். சொந்த மைதானத்து அணிக்கு 1.5, வந்த அணிக்கு 1.1, கூட்டினால் 2.6. பாய்சான் பரவல் என்ற பழைய கணக்கில் போட்டால், இரண்டு கோலோ அதற்குக் குறைவாகவோ விழும் வாய்ப்பு சுமார் 52 சதவீதம் வரும். நியாய விலை 1.93. அதே மொத்தத்தை 2.8 என்று எழுதினால் வாய்ப்பு 47க்கு இறங்கிவிடும், விலை 2.13. என் கணிப்பில் 0.2 கோல் தவறினால் பேக் செய்ய வேண்டியதை லே செய்துகொண்டிருப்பேன். அந்த 0.2ஐச் சரியாக எழுதத்தான் அத்தனை பாடும்.

அதற்கு எக்ஸ்ஜி எண்கள் உதவும். அடித்த ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் என்று பார்த்து, அது கோலாகும் வாய்ப்பைக் கூட்டுவது எக்ஸ்ஜி. ஒரு பெனால்டி முக்கால் கோலுக்குச் சற்று மேல். 3-0 என்று ஜெயித்த அணியின் எக்ஸ்ஜி 0.9 என்றால், அடுத்த வாரம் அதை நம்பிப் போகக் கூடாது. இதில் பெனால்டியைத் தனியே கழித்துப் பார்க்க வேண்டும், பத்துப் பேரோடு ஆடிய நிமிடங்களையும் கழிக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. அடுத்தது, யார் ஆடுகிறார்கள், எத்தனை நாள் ஓய்வு, புதன்கிழமை ஐரோப்பியப் போட்டிக்குப் போய் வந்தார்களா. ஆடும் பதினொருவர் பட்டியல் ஆட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பு வெளிவரும்போது விலை சில நொடிகளில் நகர்ந்துவிடும். அதைக் கணினி நிரல்கள் படிக்கின்றன. நான் படித்து முடிப்பதற்குள் விலை போய்விட்டிருக்கும்.

பழைய எண்களை அப்படியே நம்புவதும் ஆபத்து. பிரீமியர் லீக்கில் சொந்த மைதானத்து வெற்றி நூற்றுக்கு 45 அளவில் இருக்கும் என்பது பல பத்தாண்டுப் பழக்கம். 2020-21 பருவத்தில் கொரோனாவால் மைதானங்கள் காலியாக இருந்தன. அந்த லீக்கின் வரலாற்றில் முதல்முறையாக வெளியூர் வெற்றிகள் சொந்த மைதானத்து வெற்றிகளைத் தாண்டின. 2023-24இல் 380 ஆட்டத்தில் 1246 கோல், சராசரி 3.28. முந்தைய வருடங்களின் சராசரியை வைத்து ‘கோல் குறையும்’ என்று லே செய்தவர்கள் அந்த வருடம் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

நான் விழுந்ததும் அந்தக் காலி மைதானப் பருவத்தில்தான். லிவர்பூல் தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் லீக் ஆட்டங்களில் 68 முறை தொடர்ந்து தோற்காமல் இருந்தது. 2021 ஜனவரி 21 அன்று பர்ன்லி வந்து 1-0 என்று ஜெயித்துப் போனது. நான் லிவர்பூல் மேல் 40 பவுண்டு வைத்திருந்தேன். என் விதிப்படி 12 பவுண்டுதான் வைக்க வேண்டும், 68 என்ற எண் என் கையை இழுத்தது. ஆன்ஃபீல்டுக்கு அடுத்து வந்தது பிரைட்டன், 80 வைத்தேன், போனது. சிட்டி ஆட்டத்தை விட்டுவிட்டேன். எவர்ட்டனுக்கு எதிராக 160. மார்ச் 4, வியாழன், செல்சிக்கு எதிராக 320. எல்லாம் தோல்வி. கைமுதல் 1200இல் சரியாக 600 போனது.

அந்த 68 ஆட்டங்களின் பெரும்பகுதியை ஆடிய அணி வேறு, நான் பணம் வைத்த அணி வேறு. தடுப்பாட்டக்காரர் வான் டைக் அக்டோபரிலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போயிருந்தார். தடுப்பில் கோமஸும் இல்லை, ஜனவரிக் கடைசியில் மாட்டிப்பும் அடிபட்டுப் போனார். நடுக்கள ஆட்டக்காரர்களைத் தடுப்பில் நிறுத்தியிருந்தார்கள். ரசிகர் கூச்சல் இல்லை. இவை எல்லாம் எனக்குத் தெரியும், நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். விட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தபின் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. மார்ச் 7, ஞாயிறு காலை, அண்ணன் ஊரிலிருந்து போன் செய்தார். வல்லத்து இன்ஜின் பழுது, பதினைந்தாயிரம் ரூபாய் அனுப்ப முடியுமா என்று. மாதக் கடைசி வரை பொறுங்கள் என்றேன். “சரி தம்பி, பார்த்துக்கலாம்” என்று வைத்துவிட்டார். அன்று மதியம் ஃபுல்ஹாமிடமும் லிவர்பூல் தோற்றது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறாவது. அந்த ஆட்டத்தில் நான் பணம் வைக்கவில்லை. அதன்பின் எந்த ஆட்டத்திலும் வைக்கவில்லை.

பணத்தைப் பிரிப்பது பற்றி நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956இல் ஒரு சூத்திரம் தந்தார். விலை 2.20, உங்கள் கணிப்பு 48 சதவீதம் என்றால், கைமுதலில் 4.7 சதவீதம் வைக்கலாம் என்று அது சொல்லும். அனுபவசாலிகள் அதில் கால் பங்கு, அதாவது 1.2 சதவீதம்தான் வைப்பார்கள். காரணம், உங்கள் 48 உண்மையில் 45ஆக இருந்தால் அந்த விலையில் லாபமே கிடையாது, வைக்கவேண்டிய தொகை பூஜ்யம். மூன்று சதவீதப் புள்ளி தவறாமல் கணிக்கிறேன் என்று யார் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியும்?

தோல்வித் தொடரையும் கணக்கிடுங்கள். 48 சதவீத வாய்ப்புள்ள பந்தயங்களை 300 முறை வைத்தால், எங்கேயாவது தொடர்ந்து எட்டு தோல்வி வருவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. கணிப்பில் தவறே இல்லாவிட்டாலும் வரும். 10 பவுண்டில் தொடங்கி ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டித்தால் எட்டாவது தோல்வியில் 2550 பவுண்டு போயிருக்கும். பாதியை இழந்தவன் பழைய இடத்துக்கு வர, மிஞ்சியதை இரு மடங்காக்க வேண்டும்.

லே செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். குழுக்களில் அதிகம் பரப்புகிற உத்தி ‘டிராவை லே செய், கோல் விழுந்ததும் வெளியே வா’ என்பது. 3.50இல் 20 பவுண்டு லே என்றால், டிரா ஆனால் உங்கள் தலைமேல் விழுவது 50 பவுண்டு, 20 இல்லை. பந்தயத் தொகையை அந்த 50ஐ வைத்துத்தான் அளக்க வேண்டும். பலமான அணி கோல் போட்டு விலை 5.00க்கு ஏறினால் 14 பவுண்டு பேக் செய்து 6 பவுண்டு லாபத்தோடு வெளியேறலாம். கோலே விழாமல் எழுபதாவது நிமிடத்தில் விலை 2.00க்கு இறங்கினால், வெளியேற 15 பவுண்டு நஷ்டம். வந்தால் 6, போனால் 15. ஏழு ஆட்டத்தில் ஐந்து சரியாக நடந்தால்தான் கைக்காசு போகாமல் இருக்கும், கமிஷன் சேர்த்தால் அதற்கும் மேல் வேண்டும். பலவீனமான அணி முதல் கோலைப் போட்டால் டிரா விலை சரியாக ஏறவும் செய்யாது. இதில் தொலைக்காட்சி நமக்குச் சில நொடி தாமதமாக வருகிறது. ஆட்டத்தின் நடுவே வைக்கிற பந்தயத்தை எக்ஸ்சேஞ்சும் சில நொடி நிறுத்தித்தான் ஏற்கிறது. மைதானத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வேகமான தகவல் வாங்குபவனுக்கும் நீங்கள்தான் மீன்.

நிறுத்தும் எல்லையை முன்கூட்டியே யாராவது நமக்கு வெளியே இருந்து வைக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் குறித்து வைத்த எல்லையைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் கிடைக்காது. ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரர், பயணிகளுக்கு என்ன அவசரம் என்று யாரும் கேட்பதில்லை. 1964 டிசம்பரில் பயணிகள் ரயிலையே கடலுக்குக் கொடுத்த ஊர் நம்முடையது. பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்களில் மாத வைப்புக்கு எல்லை போட்டுக்கொள்ளலாம். கேம்ஸ்டாப் என்ற திட்டத்தில் பதிந்தால் எல்லாத் தளமும் ஒருசேரக் கதவை அடைக்கும். மார்ச் 7 இரவு நான் அதில் ஐந்து வருடத்துக்குப் பதிந்தேன். உங்கள் ‘ஐடி’ ஏஜெண்டிடம் அப்படி ஒரு கதவு கிடையாது.

டெலிகிராம் குழு பற்றி: 800 பேரை வைத்துக்கொண்டு பாதிப் பேருக்கு ஒரு முடிவும் மீதிக்கு எதிர் முடிவும் அனுப்பினால், நான்கு ஆட்டம் கழித்து 50 பேருக்கு அவர் நான்குமே சரியாகச் சொன்னவராக இருப்பார். அந்த 50 பேரிடம்தான் கட்டணம் கேட்பார். நீங்கள் அந்த ஐம்பதில் ஒருவராக இருக்கலாம். ஏற்கெனவே பணம் போய், வீட்டில் சொல்ல முடியாமல் இருந்தால் 14416க்கு அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

ஆராய்ச்சியின் சுவை மட்டும் என்னை விடவில்லை. இப்போது அக்கா மகன்கள் இரண்டு பேரோடு பைசா இல்லாமல் செய்கிறேன். ஆட்டத்துக்கு முன் விலையைப் பார்க்காமல், மூன்று கோலோ அதற்கு மேலோ விழ எத்தனை சதவீதம் என்று ஆளுக்கு ஒரு எண் எழுதுவோம். முடிந்ததும், விழுந்தால் 1, விழாவிட்டால் 0 என்று வைத்து, எழுதிய எண்ணோடு (50 சதவீதம் என்றால் 0.50) உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிச் சராசரி எடுப்போம். பிரையர் மதிப்பெண் என்பார்கள், குறைவாக இருந்தால் நல்லது. எப்போதும் 50 என்று கண்ணை மூடி எழுதுபவனுக்கு 0.25 வரும். நீங்களும் 100 ஆட்டம் எழுதிப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும்போது இருந்த விலைகள் பழைய தரவுகளில் இலவசமாகவே கிடைக்கும், அவற்றையும் சதவீதமாக்கிப் பக்கத்தில் எழுதுங்கள்.

கடைசி 100 ஆட்டத்தில் எனக்கு 0.247, பெரிய மருமகனுக்கு 0.251. விலைக்கு 0.243.