சமீபத்தில் விளையாடிய இண்டி கேம்களில் எது மிகவும் பிடித்தது, ஏன்?

இண்டி கேம் என்றால் பெரிய நிறுவனங்களைச் சாராமல் தனி ஆட்களோ சிறு குழுக்களோ உருவாக்கும் வீடியோ கேம். அவற்றில் எனக்குப் பிடித்தது சந்தேகமே இல்லாமல் 2018-இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. லூகாஸ் போப் ஏறக்குறைய தனி ஆளாக உருவாக்கியது. 1807-இல் ஆளில்லாமல் திரும்பி வந்த ஒரு கப்பல். கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் அதில் ஏறுகிறோம். கப்பலில் போன 60 பேரும் யார் யார், என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். நம் கையில் ஒரு மாயக் கடிகாரம் இருக்கும். பிணத்தருகே அதைத் திறந்தால் சாவு நேர்ந்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம்.

ஒரு மாலுமியின் பெயர் தெரியாமல் வெகுநேரம் முழித்தேன். அப்புறம்தான் அவர் படுத்திருந்த தூளிப்படுக்கையில் ஓர் எண் கண்ணில் பட்டது. ஆட்கள் பட்டியலில் அதே எண்ணைத் தேடினேன், பெயர் கிடைத்தது! யாரும் அம்புக்குறி போட்டுக் காட்டவில்லை. மூன்று பேரைப் பற்றிச் சரியாகக் குறித்தால்தான் கேம் ஒப்புக்கொள்ளும் என்பதால் குத்துமதிப்பாக அடித்துவிடவும் முடியாது.

அடுத்து ‘வெண்பா’ (2023), டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி ஊற்ற வேண்டும். மகன் தமிழைவிட்டு விலகும் இடங்களில் மனசு கனத்துவிட்டது. சீக்கிரம் முடிந்துவிடுவதுதான் குறை. அவன் வளர்ந்த வருடங்களில் கதை இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

‘பலாட்ரோ’ (2024) போக்கர் சீட்டை வைத்துச் செய்த அருமையான கேம், ஆனால் தூக்கத்தைத் தின்றுவிடும்.

ஓப்ரா டின்னை மட்டும் எந்த விடைக்குறிப்பும் படிக்காமல் தொடங்குங்கள். புதிதாக ஒரு முறைதான் அதை விளையாட முடியும்.