வாங்கினவர் ஏன் திரும்ப வரவில்லை? ஏஐ சொல்லுமா?

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கிறோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் இரண்டு வருடமாக ஆன்லைனிலும் விற்கிறோம். ஒருமுறை வாங்கியவர்களில் பலர் திரும்ப வருவதில்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டால், ‘தரம், விலை, பேக்கிங்கைக் கவனியுங்கள்’ என்கிறது. சந்தை ஆய்வுக்கென்று காசு கட்டி ஏஐ கருவி ஏதாவது வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர் ஏன் நின்றுபோனார் என்பது இணையத்தில் எங்கும் எழுதியிருக்காது. அதனால்தான் எல்லாக் கடைக்கும் பொருந்துகிற பதில் வருகிறது. உண்மையான பதில் உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. மீதி, போட்டியாளர் எண்ணெய்க்கு அமேசான், ஃப்ளிப்கார்ட்டில் வந்திருக்கும் விமர்சனங்களில் இருக்கிறது. இதையெல்லாம் எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் ஏஐ நன்றாக உழைக்கும்.

கடைசி ஆறு மாதச் செய்திகளை ஒரு ஷீட்டில் போடுங்கள். ஒரு செய்திக்கு ஒரு வரி, ஒரு வரிசை எண். பெயர், போன் நம்பர், முகவரி எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெளியே ஏற்றுங்கள். நம்மை நம்பிக் கொடுத்தவை அவை. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அப்புறம் அதைப் பிடிஎஃப் ஆக்கி கூகுளின் நோட்புக்எல்எம்மில் ஏற்றலாம். இலவசக் கணக்கே போதும். நீங்கள் கொடுத்ததை வைத்துத்தான் அது பதில் சொல்லும். பதிலில் இருக்கும் எண்ணை அழுத்தினால் மூல வரியைக் காட்டும். கேட்க வேண்டியது இப்படி: “இதில் வந்திருக்கும் குறைகளை வகை பிரி. ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் எழுதிய வரியை அப்படியே காட்டு. எதிலும் சேராததைத் தனியாக வை.” அந்தத் தனியாக வைத்த பட்டியலை நீங்களே படியுங்கள். பெரும்பாலும் புது விஷயம் அங்கேதான் கிடைக்கும்.

ஒரு செக்குக்காரருடன் உட்கார்ந்து இதைச் செய்தபோது, ‘வாசம் தூக்குது’ என்று ஒருவர் பாராட்டி எழுதியதைக் கருவி ‘வாடை பற்றிய புகார்’ என்று சேர்த்துவிட்டது. ‘சிக்கு வாடை அடிக்குது’ என்பதும் அதே பட்டியலில். முதலாமவர் மறுபடி வாங்குவார், இரண்டாமவர் வரமாட்டார். ‘வடை சுட்டா பொங்கி வழியுது, கலப்படமா?’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். கருவி அதைத் ‘தரக் குறைபாடு’ என்றது. ரீஃபைன்ட் எண்ணெயில் நீக்கிவிடுகிற பிசின் செக்கு எண்ணெயில் தங்கியிருப்பதால் நுரைப்பது சகஜம் என்று ஆட்டுகிற உங்களுக்குத் தெரியும். அங்கே மாற்ற வேண்டியது எண்ணெயை இல்லை. பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டினால் போதும். எத்தனை பேர் எதைச் சொன்னார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் கருவியிடம் விடாதீர்கள், தப்பாக எண்ணும். ஷீட்டிலேயே ஃபில்டர் போட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

போட்டியாளர் விவரத்துக்கு, இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் ஏஐ கருவிகள் போதும்: பெர்ப்ளெக்சிட்டி, அல்லது கூகுள் ஜெமினியின் டீப் ரிசர்ச். விலைப்பட்டியல் கேட்கும்போது ஒவ்வொரு விலைக்கும் லிங்க் கேளுங்கள். லிங்க் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். லிங்க் இருந்தாலும் திறந்து பாருங்கள், விலை பழையதாக இருக்கலாம். இன்னொரு பொறி: ஒருவர் கிலோவில் விற்பார், ஒருவர் லிட்டரில். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான். கருவி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘உங்கள் விலை அதிகம்’ என்று சொல்லிவிடும். எல்லாவற்றையும் லிட்டருக்கு மாற்றி, கூரியர் செலவையும் சேர்த்துப் பட்டியல் போடச் சொல்லுங்கள்.

அதிலும் யாராவது அடிமாட்டு விலைக்கு விற்றால், கருவி ‘விலையைக் குறையுங்கள்’ என்றுதான் யோசனை சொல்லும். லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு போகிறது. பருப்பு விலையில் புண்ணாக்குக் காசைக் கழித்துப் பார்த்தால், அவர் நிஜமாகவே செக்கில்தான் ஆட்டுகிறாரா என்ற சந்தேகம் உங்களுக்கே வரும். லேபிளில் உள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணை அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் போட்டால் உரிமம் யார் பெயரில் என்று தெரியும். ஏஐ தேவையே இல்லை. மெட்டாவின் விளம்பர நூலகமும் அப்படித்தான்: போட்டியாளர் இப்போது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஓட்டும் விளம்பரங்களை இலவசமாகப் பார்க்கலாம். எந்த விளம்பரம் மாதக்கணக்கில் ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். பலன் இல்லாததற்கு யாரும் அவ்வளவு நாள் காசு கொட்டமாட்டார்கள்.

‘நீ சென்னையில் இருக்கும் ஒரு இல்லத்தரசி, என் எண்ணெயைப் பற்றிச் சொல்’ என்று ஏஐயை நடிக்க வைக்கும் வித்தை ஒன்று யூடியூபில் சுற்றுகிறது. நேரத்தை வீணாக்க வேண்டாம். நமக்குப் பிடித்ததைத்தான் அது பேசும்.

அதற்குப் பதில், ஒரே முறை வாங்கி நின்றுபோன பத்துப் பேருக்குப் போன் போடுங்கள். ‘எண்ணெய் நன்றாக இருந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘நன்றாக இருந்தது’ என்றே சொல்லிவிட்டு வைப்பார்கள். ‘அந்த பாட்டில் தீர்ந்ததும் அடுத்து எந்த எண்ணெய் வாங்கினீங்க?’ என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அதே நோட்புக்கில் ஏற்றுங்கள்.